ஐந்து இடங்களில் ஒன்று

அடுத்த வாரம் எனக்கு முழங்கால் ஆபரேஷன். ஆறு வாரம் ஸ்கூட்டியைத் தொடக் கூடாது, வாசல்படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் எத்தனையோ பெண்களுக்கு முழங்கால் தேய்கிறது. அவர்களுக்கெல்லாம் சமையலை யார் பார்ப்பது என்று கவலை. எனக்கு, சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் போய் நிற்க வேண்டிய இடத்தில் யார் நிற்பது என்று கவலை. அதற்காகத்தான் இந்த நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இது என் மகளுக்கு. வாயால் சொன்னால் அவள் சிரித்துவிடுவாள், அல்லது நான் அழுதுவிடுவேன். இரண்டும் வேலைக்கு ஆகாது.

மாடியில் பதினொரு மாதம் குடியிருந்தவளைப் பற்றி எழுதுகிறேன். பெயரை எழுத மாட்டேன். எழுத வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். காலை ஜெபத்தில்கூட நான் பெயரைச் சொல்வதில்லை, அன்றைய எண்ணைத்தான் சொல்கிறேன். கர்த்தருக்குப் புரியும். என் மகளுக்கு ஆள் யாரென்று தெரியும். கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தபோது இரண்டு முறை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

வீடு பார்க்க வந்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வியே எனக்கு விசித்திரமாக இருந்தது. சேலையூரில் மாடி போர்ஷன் கேட்டு வருகிற எல்லோரும் தனிப் படிக்கட்டு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். இவள், "உங்க ஹால் வழியாத்தான் மேல போகணுமா அக்கா?" என்றாள். ஆமாம், அதனால்தான் யாரும் வருவதில்லை என்றேன். "அப்போ எனக்கு ஓகே," என்றாள். இரண்டு பையும் ஒரு எலெக்ட்ரிக் கெட்டிலும் கொண்டு வந்தாள். கிண்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. வயது முப்பத்து நான்கு இருக்கும்.

நான் பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தாறு வருஷமாக அட்டெண்டன்ஸ் பார்க்கிறவள். யார் எப்போது வருகிறார்கள் போகிறார்கள் என்பது என் கண்ணுக்குத் தப்பாது. இவள் என் கண்ணைக் குழப்பினாள். ஒருநாள் ஆறரைக்குக் கிளம்புவாள், ஒருநாள் ஒன்பதுக்கு. சில சமயம் நான்கு நாள் தொடர்ந்து ஒரே நேரம், சரி பழக்கத்துக்கு வந்துவிட்டாள் என்று நான் நினைக்கும்போது மறுபடி மாறும். திரும்பி வருவதும் அப்படித்தான். ஸ்டேஷன் பக்கமிருந்து வருவாள், கேம்ப் ரோடு பக்கமிருந்து வருவாள், சம்பந்தமே இல்லாமல் பெருங்களத்தூரில் இறங்கி ஆட்டோவில் வருவாள். டீ போடட்டுமா காபி போடட்டுமா என்று கேட்டால், "ஒரு நிமிஷம் அக்கா," என்று பர்ஸிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "காபி," என்பாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் நேராகக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, நீ ஏதாவது வம்புல மாட்டிட்டு இருக்கியா? என் வீட்டுக்குப் போலீஸ் கீலீஸ் வரக் கூடாது பாத்துக்கோ."

அவள் சுடிதார் கையை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே ஒரு தழும்பு. முக்கோணமாக, முனை கூர்மையாக. அது என்னவென்று எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டியின் மூக்கு.

"அவர் போட்டது," என்றாள். "மூணு தடவை வீடு மாத்திட்டேன். மூணு தடவையும் கண்டுபிடிச்சிட்டார். போன தடவை வந்தப்போ, அடுத்த தடவை கை இல்ல, முகம்னு சொல்லிட்டுப் போனார்."

"அவர் என்ன அவர். அவன்னு சொல்லு," என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கடைசி வரை அவர் என்றுதான் சொன்னாள். புகார் கொடுத்தாயா என்று கேட்டதற்கு, கொடுத்ததாகவும் இருவரையும் உட்கார வைத்து அறிவுரை சொல்லி அனுப்பியதாகவும் சொன்னாள்.

அனகாபுத்தூரில் குடியிருந்தபோது அவளுடைய போனில் எதையோ போட்டு வைத்துக் கண்டுபிடித்திருக்கிறான். கேளம்பாக்கம் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தபோது போனே இல்லாமல் இருந்தாளாம். அப்போதும் மாட்டினாள். எப்படி மாட்டினாள் என்று சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு விளையாட்டு விளையாடினாள்.

"அக்கா, சைபர்ல இருந்து நாலு வரைக்கும் மனசுக்குத் தோணுற நம்பரைச் சொல்லிட்டே வாங்க. யோசிக்காதீங்க."

இரண்டு, நான்கு, ஒன்று, மூன்று, சைபர், இரண்டு என்று நான் இருபது எண் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"ஒரு தடவையாவது ஒரே நம்பரை அடுத்தடுத்து சொன்னீங்களா?"

பார்த்தேன். இல்லை.

"தானா வர்ற விஷயத்துல இருபதுக்கு மூணு நாலு தடவை அப்படி வந்தே தீரும். மனுஷங்களுக்கு அது வராது. இப்பதானே சொன்னோம், வேற சொல்வோம்னு தோணும். கேளம்பாக்கத்துல நானும் அப்படித்தான். ஹாஸ்டலுக்கு மூணு வழி. நேத்து போன வழியில இன்னைக்குப் போக மாட்டேன். தாறுமாறா போறேன்னு நெனச்சிட்டு இருந்தேன். நேத்து நான் போன வழியை விட்டுட்டு, மீதி ரெண்டுல ஒண்ணுல அவர் நின்னார்."

அதற்குப் பிறகு மனசுக்குத் தோன்றுவது எதையும் அவள் நம்பவில்லை. எந்த ரயில், எந்த ஸ்டேஷன், எந்தத் தெரு, எல்லாவற்றையும் எண்ணிடம் விட்டுவிட்டாள். சும்மா தோணுச்சு என்று யாராவது சொன்னால் அவள் முகம் மாறிவிடும். நான் காய்கறி வாங்கி வந்து, சும்மா தோணுச்சு, சேனைக்கிழங்கு வாங்கினேன் என்று சொன்னாலும் ஒரு மாதிரி பார்ப்பாள்.

அந்த முறையை எனக்கும் சொல்லித் தந்தாள். என் மகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பத்து எண்கள் ஒரு வரிசை. ஒவ்வொன்றும் சைபரிலிருந்து நான்குக்குள். காலையில் எழுந்ததும் தலையில் இருக்கிற எண்ணையும் வாலில் இருக்கிற எண்ணையும் கூட்ட வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் ஐந்தைக் கழித்துவிட வேண்டும். வருவதுதான் இன்றைய எண். அதை வாலில் எழுதிவிட்டு, தலையில் இருப்பதை அடித்துவிட வேண்டும். வரிசையில் மறுபடி பத்து. உதாரணத்துக்கு 2 4 1 0 3 3 1 4 0 2 என்று இருந்தால், இரண்டும் இரண்டும் நான்கு. இன்றைக்கு நான்கு. நாளைக்குத் தலையில் நான்கு, வாலில் நான்கு, கூட்டினால் எட்டு, ஐந்து போக மூன்று. இது உண்மையான வரிசை இல்லை. உண்மையானது பைபிளில் சங்கீதத்தின் நடுவில் இருக்கிறது.

"இவ்வளவுதானா? ரெண்டாங்கிளாஸ் பிள்ளை போடுமே," என்றேன்.

"அதான் அக்கா விஷயமே. பாக்குறவங்களுக்கு இதுல ஒரு ஒழுங்கும் தெரியாது. ஆனா இதுல தற்செயல்னு ஒண்ணுமே இல்ல. ஆரம்பத்துல இருக்கிற பத்து எண் விதை. விதை யார்கிட்ட இருக்கோ அவங்க ரெண்டு பேரும், எங்க இருந்தாலும், பேசிக்காமலே, ஒரே எண்ணுக்கு வந்து சேருவாங்க. நீங்க போன்ல பேசுறது காத்துல போகுதே, அதுவும் இப்படித்தான். நம்ம பேச்சு மேல ஒரு எண் ஓட்டத்தைக் கூட்டி அனுப்புவாங்க. அந்தப் பக்கம் அதே விதையை வச்சு அதே ஓட்டத்தை உண்டாக்கி, கழிச்சிட்டா பேச்சு. நடுவுல கேக்குறவனுக்கு வெறும் இரைச்சல். கம்ப்யூட்டர்ல பெரிய வரிசையா, சிக்கலா இருக்கும். ஆனா தலை வால் கூட்டுறதுதான் அதுக்கும் அடிப்படை."

இதையெல்லாம் அவள் கல்லூரியில் படித்திருக்கிறாள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்தான் அவன். அவன் அவளுக்குக் கொடுத்த முதல் காதல் கடிதமே எண்ணாகத்தான் வந்ததாம். ஹால் டிக்கெட் நம்பரை விதையாக வைத்துக் கழித்துப் படித்தாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"அப்போ இந்த முறை அவனுக்கும் தெரியுமே," என்றேன்.

"தெரியட்டும். எங்களுக்குச் சொல்லித் தந்ததே அதுதான். முறை ஊருக்கே தெரியும்னு வச்சுக்கிட்டுத்தான் கணக்குப் போடணும். விதை மட்டும் தெரியக் கூடாது."

விதையில் அவள் காட்டிய கெடுபிடி கொஞ்சநஞ்சம் இல்லை. பிறந்தநாள் கூடாது, போன் நம்பர் கூடாது, கல்யாண நாள் கூடாது. எல்லாம் அவனுக்குத் தெரியும். ஒரு நாள் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் கீழே கிடந்த பத்து பஸ் டிக்கெட்டுகளைப் பொறுக்கினோம். பார்த்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் கடைசி எண், ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் ஐந்தைக் கழித்து, அதுதான் எங்கள் விதை. எல்லாமே சைபராக இல்லையே என்று பார்த்துக்கொண்டாள். சைபரையும் சைபரையும் கூட்டினால் உலகம் முடியும் வரை சைபர்தான் என்றாள். டீயா காபியா என்பதற்கு அவளிடம் வேறொரு வரிசை இருந்தது. எதற்கு இரண்டு என்று கேட்டால், "ஒரே வரிசையை ரெண்டு வேலைக்கு வச்சா, நான் என்ன குடிச்சேன்னு தெரிஞ்சவங்க எந்த வழியில போவேன்னும் தெரிஞ்சுக்கலாம்," என்றாள். இப்படியும் ஒரு பிறவியா என்று இருக்கும் எனக்கு.

எங்கள் ஏற்பாடு இதுதான். ஐந்து இடங்கள். வடக்கிலிருந்து தெற்காக எண் போட்டோம். சைபர் சானடோரியம் ஸ்டேஷன் வாசல், ஒன்று தாம்பரம் மேற்கு பஸ் ஸ்டாண்ட், இரண்டு ஸ்டேஷனின் கிழக்கு வாசல், மூன்று கேம்ப் ரோடு முனை, நான்கு பெருங்களத்தூர் ஸ்டேஷன். ஆறாவதாக எங்கள் சர்ச் வாசலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன், எனக்கு வசதி. டிக்கெட்டில் சைபரிலிருந்து ஒன்பது வரை வருகிற பத்து எண்ணை ஆறு இடத்துக்குச் சமமாகப் பங்கு போட முடியாது, சில இடம் அதிகம் வரும், அதிகம் வருகிற இடத்தில் அவர் நிற்பார் என்று மறுத்துவிட்டாள். வேலை நாளுக்கு ஒரு எண், லீவு நாளுக்கு எண் இல்லை. சாயங்காலம் நான் முதலில் எங்கள் தெருவை ஒரு சுற்று பார்ப்பேன். அவனுடைய போட்டோவை எனக்குக் காட்டியிருந்தாள். தெருவில் அவன் இல்லையென்றால், அன்றைய எண் சொல்கிற இடத்தில் ஆறரைக்குப் போய் நிற்பேன். அவள் ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து, தூரத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, பின்னால் ஏறிக்கொள்வாள்.

"நீங்க அங்க இல்லைன்னா, அவர் வந்துட்டார்னு அர்த்தம். நான் அப்படியே திரும்பிப் போயிடுவேன். போனையும் தூக்கிப் போட்டுடுவேன். நீங்க என்னைத் தேடக் கூடாது."

"எங்கம்மா போவ?"

"அது உங்களுக்குத் தெரியக் கூடாது அக்கா. உங்களைத்தான் அவர் முதல்ல கேப்பார்."

போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. மாத முதல் ஞாயிறு இருவரும் வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, காகிதத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்துவிடுவோம். முதல் மாதம் நான் கூட்டலில் ஒரு தப்பு செய்திருந்தேன். நல்ல வேளையாக அது திங்கட்கிழமைக்கு என்று முன்கூட்டியே போட்டு வைத்த எண்ணில் வந்த தப்பு. அவள் கத்தவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு எண் பிசகினா அதோட போகாது அக்கா. அதுக்கப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இருக்காது," என்றாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது.

இன்னொன்றும் சொன்னாள். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த முறையில ஒரு ஓட்டை இருக்கு. யாராவது பத்து நாள் விடாம நம்மளைப் பாத்துட்டா, பத்து எண்ணும் அவங்க கையில. பதினொண்ணாவது நாள் எனக்கு முன்னாடியே அவர் வந்து நிப்பார். நல்ல வேளை, அவருக்குத் தொடர்ந்து பத்து நாள் லீவு கிடைக்காது."

மார்ச் மாதத்தில் தொடர்ந்து நான்கு நாள் ஒன்றாம் எண் வந்தது. நான்கு நாளும் மேற்கு பஸ் ஸ்டாண்ட். அங்கே பூ விற்கிற பெண்ணே, "இன்னாக்கா, டெய்லி வந்துகினு கீறீங்க, யாரைப் பாக்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். நாளைக்கு நாமே மாற்றிக்கொள்வோம் என்றேன். மாடிப்படியில் உட்கார்ந்து தேங்காய் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தவள், "வரட்டும் அக்கா. இப்படி வந்தாத்தான் சரியா ஓடுதுன்னு அர்த்தம்," என்றாள். அன்றைக்கு அவள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு அழகான பல்வரிசை.

பிறகு அந்த மழை வந்தது.

திங்கள் இரவு தொடங்கி விடாத மழை. செவ்வாய்க்கிழமை காலை டிவியில் ஓடியது, செங்கல்பட்டு மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை, சென்னை மாவட்டத்துக்கு இல்லை. எனக்கு லீவு. அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். "எங்களுக்கு லீவு கிடையாது அக்கா. டிராக்ல தண்ணி நிக்குதாம், வீட்ல இருந்தே வேலை பாருங்கன்னு சொல்லிட்டாங்க," என்றாள். என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க வேலை பார்த்தாள். நான் வெங்காய பஜ்ஜி போட்டேன். ஹெட்போனைக் கழற்றாமலே தின்றாள். மத்தியானம் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள், அதற்கு முன் அவள் முணுமுணுத்து நான் கேட்டதே இல்லை. யாரும் வெளியே போக வேண்டாம், யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பெண்கள் நிம்மதியாக இருந்தோம்.

அன்று காலை நான் என் காகிதத்தில் லீவு என்று எழுதிவிட்டு வரிசையைத் தொடவில்லை. அவள் காலையில் எழுந்து கூட்டி, ஒரு எண்ணை எழுதி, ஒரு எண்ணை அடித்திருக்கிறாள். அவளுக்கு அது வேலை நாள். ஒரு வீட்டில், ஒரு மேசையில், எனக்கு லீவு அவளுக்கு வேலை. அதை அவள் வாயாலேயே சொன்னாள், நான் காதாலேயே கேட்டேன். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை என் காகிதம் சைபர் என்றது. சானடோரியம் வாசலில் ஆறரைக்கு நின்றேன். ஏழு, ஏழரை, எட்டு. அவள் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் மாடி பூட்டியிருந்தது. போன் அணைந்திருந்தது. அவன் பிடித்துவிட்டான் என்றே நினைத்தேன். முழங்கால் போட்டு அழுதேன். மறுநாள் காலை, பழக்க தோஷம், காகிதத்தை எடுத்துக் கூட்டப் போனேன். லீவு என்ற என் எழுத்தில் பேனா நின்றது.

செவ்வாய்க்கும் சேர்த்து ஒரு எண்ணைத் தள்ளிப் போட்டுப் பார்த்தேன். புதன்கிழமை அவளுக்கு வந்தது மூன்று. கேம்ப் ரோடு முனை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அங்கே வந்து நின்று, சுற்றிப் பார்த்து, என்னைக் காணாமல், நான் சொல்லாத ஒரு செய்தியைப் படித்துக்கொண்டு அவள் திரும்பிப் போயிருக்கிறாள். அவள் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். புதன்கிழமை இரவே வேலையை விடுவதாக மெயில் அனுப்பிவிட்டாளாம். உயிரோடு இருக்கிறாள் என்று அதில்தான் தெரிந்தது. அன்றைக்கு அவன் தெருவில் இல்லை. அவளை விரட்டியது நான்.

எண் பிசகியிருக்குமோ என்று முதலில் சந்தேகப்படுகிறவளும் அவள்தான். ஆனால் சந்தேகத்தை நம்பி வீட்டுக்கு வரக் கூடாது என்பதும் அவள் போட்ட விதி. எங்கே இருந்தாலும் தினமும் காலையில் கூட்டிக்கொண்டுதான் இருப்பாள். அதை விடுகிற பெண் இல்லை அவள். ஒரு நாள், சரியான எண்ணுக்கு உரிய இடத்தில் நான் நிற்கிறேனா என்று தூரத்திலிருந்து பார்க்க வருவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. வரிசையைத் திருத்திக்கொண்டு தினமும் போய் நிற்கத் தொடங்கினேன்.

ஒரு மாதம் கழித்து அவன் வந்தான். காலிங்பெல் அடித்து, செருப்பை வெளியே கழற்றி, என் செருப்பையும் சேர்த்து நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தான். நல்ல சட்டை, நல்ல பேச்சு.

"ஆன்ட்டி, நான் அவ ஹஸ்பண்ட். அவளுக்கு மனசு கொஞ்சம் சரியில்ல. எங்க போனான்னு சொன்னீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"தெரியாதுப்பா."

"சொல்லாம போயிருக்க மாட்டாளே."

"சொல்லலை. எனக்குத் தெரியாது."

உண்மையைத்தான் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்தான். நம்பிவிட்டான் என்று நினைக்கிறேன். போகும்போது சுவரில் கோணலாகத் தொங்கிய காலண்டரை நிமிர்த்திவிட்டு, ஒரு பேக்கரி கவரை மேசையில் வைத்தான். தேங்காய் பன். "அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றான்.

அதற்குப் பிறகு ஒன்பது வேலை நாள் நான் புத்தியில்லாமல் நின்றேன். ஒன்பதாவது நாள், ஸ்டேஷன் கிழக்கு வாசலில், சிவப்புக் கோடு போட்ட ஹெல்மெட் ஒன்று ஜூஸ் கடை ஓரம் திரும்பியது. அந்த ஹெல்மெட்டை முன்பே பார்த்திருந்தேன். பெருங்களத்தூரில் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம். சானடோரியத்தில் மரத்தடியில். ஒவ்வொரு நாளாகத் திரும்ப நினைத்துப் பார்த்தேன், ஒன்பது நாளும் அது இருந்தது. லீவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். நான் எங்கே நிற்கிறேன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். பத்து நாள் போதும் என்று அவள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பத்தாவது நாள் காலையில் கூட்டினேன். இரண்டு வந்தது. வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் மீதி ஒரே ஒரு எண்தான், அதற்கு ஐந்தே வாய்ப்புதான், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே அவன் பிடித்துவிடுவான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது காதில் கேட்டது. ஒரு எண் பிசகினால் அதோடு போகாது. அன்று சாயங்காலம் நான் மூன்றுக்குப் போனேன். கேம்ப் ரோடு முனையில், எப்போதும் போல வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு, எப்போதும் போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு, யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தே அரை மணி நேரம் நின்றேன். ஹெல்மெட் எதிர்ப் பக்கம் நின்றது.

வீட்டுக்கு வந்து அவன் கையில் இருக்கும் வரிசையை நானும் எழுதினேன். ஒன்பது சரி, ஒன்று பொய். தலையையும் வாலையும் கூட்டினேன். மறுநாள் ஸ்கூட்டியை விட்டுவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, அந்த எண் சொன்ன இடம் வழியாக பஸ்ஸில் போனேன். ஆறு இருபதுக்கே அவன் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட் இல்லை. தலை வாரியிருந்தான். கையில் ஒரு பேக்கரி கவர். பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்த சாதாரண மனுஷன் மாதிரி ரயில் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் நகர்ந்த பிறகும் நான் முக்காட்டை விலக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு வரிசை போடுகிறேன். ஒன்று எங்களுடையது. ஒன்று அவனுடையது. இரண்டும் வேறு வேறு இடத்தைச் சொன்னால், எங்கள் இடத்தில் போய் நிற்கிறேன். இரண்டும் ஒரே இடத்தைச் சொன்னால் போவதில்லை. முதல் பன்னிரண்டு வேலை நாள் ஒன்றாக வரவே இல்லை. பதின்மூன்றாம் நாள் வந்தது. அன்று வீட்டில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. அவன் இன்னும் தினமும் வருகிறானா என்று தெரியாது. எப்போதாவது பஸ்ஸில் அந்த வழியாகப் போய்ப் பார்ப்பேன், சில மாதம் தலையே தெரியாது, பிறகு திடீரென்று அவன் வரிசை சொல்கிற இடத்தில் நின்றுகொண்டிருப்பான். அவள் வந்ததில்லை. அவள் உயரத்தில், அவளைப் போல ஹேண்ட்பேகை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி யாராவது படியிறங்கினால் நான் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்துவிடுகிறேன். எத்தனையோ பேர் அப்படித்தான் இறங்குகிறார்கள்.

மகளே, இரண்டு காகிதமும் சங்கீதத்தின் நடுவில் இருக்கின்றன. மேலே இருப்பது நம்முடையது, கீழே இருப்பது அவனுடையது. நம் காகிதத்தில் அரசு விடுமுறை மட்டும்தான் லீவு. மழை லீவு லீவே இல்லை, அன்றைக்கும் கூட்டு. அவள் அப்படித்தான் கூட்டுவாள். ஆறு வாரமும் எனக்குப் பதில் நீ நிற்க வேண்டும். உன் முகம் அவளுக்குத் தெரியும். அவள் வந்தால் ஒன்றும் பேசாதே, வண்டியில் ஏற்றிக்கொண்டு வா.

இன்று காலை கூட்டியபோது இரண்டு வரிசையிலும் மூன்று வந்தது. கேம்ப் ரோடு முனை. அதனால்தான் ஆறரை மணிக்கு நான் இங்கே மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் இன்றைக்கு வந்திருக்கலாம். இவ்வளவு நாள் கழித்து, பத்து நிமிஷ நடையில், ஏதோ ஒரு கடை ஓரம் நின்று என்னைத் தேடிக்கொண்டிருக்கலாம். எழுந்து போய்விடலாமா என்று மூன்று முறை ஸ்கூட்டி சாவியை எடுத்தேன், மூன்று முறையும் வைத்துவிட்டேன். நான் அங்கே இல்லாததை அவள் பார்க்கட்டும். பார்த்துவிட்டுத் திரும்பிப் போகட்டும்.